ஸ்லாட்டின் முதல் ஜூலை: லிவர்பூல் பயிற்சி முகாமும் வரப்போகும் சீசனும்

கிர்க்பி கண்ணன் | 21 ஜூலை 2024

நம் லிவர்பூல் கால்பந்து அணியின் பழைய இழை இன்னும் பயிற்சியாளர் க்ளோப் விடைபெற்ற சோகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அது அங்கேயே ஓடட்டும். அவர் இடத்துக்கு வந்திருக்கும் ஸ்லாட் காலத்துப் பேச்சை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

நிலவரம் இதுதான். இந்த மாத முதல் வாரத்தில் கிர்க்பி பயிற்சி மைதானத்தில் முகாம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ரசிகர்களை அனுமதிக்காமல் அங்கேயே இரண்டாம் பிரிவு அணியான பிரஸ்டனோடு ஓர் ஆட்டம், 0-1 தோல்வி. அடுத்து அமெரிக்கா. 26ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் ரியல் பெட்டிஸ், 31 பிலடெல்பியாவில் ஆர்சனல், ஆகஸ்ட் 3 தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் மான்செஸ்டர் யுனைடெட். திரும்பி வந்ததும் 11ஆம் தேதி நம் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் செவியா. 17ஆம் தேதி இப்ஸ்விச்சில் லீக் ஆரம்பம்.

என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டங்களில் ஸ்கோரைப் பார்ப்பதில் பயனில்லை. கோல்கீப்பரிடமிருந்து பந்து வெளியே வரும் முதல் மூன்று பாஸைப் பாருங்கள். க்ளோபின் அணி பந்தைப் பிடித்ததும் முன்னால் பாயும். நெதர்லாந்தின் ஃபெயனூர்டு அணியில் ஸ்லாட் ஆடவைத்த ஆட்டம் வேறு. எதிரணியைத் தன் பக்கம் வரவழைத்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் திறக்கும் இடத்தில் பந்தைக் கொடுப்பது. அந்தப் பொறுமை நம் பையன்களுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

---

ஆன்ஃபீல்டு அண்ணாச்சி | 21 ஜூலை

பிரஸ்டனிடம் தோற்றதற்கே வாட்ஸ்அப்பில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. தம்பிமார்களுக்கு 2019ஐ நினைவுபடுத்துகிறேன். சாம்பியன்ஸ் லீக் கோப்பையோடு அமெரிக்கா போனோம். டார்ட்மண்டிடம் 2-3, பாஸ்டனில் செவியாவிடம் 1-2, நியூயார்க்கில் ஸ்போர்ட்டிங்கோடு 2-2. அப்புறம் எடின்பரோவில் நாப்போலியிடம் 0-3. கடைசியில் ஜெனீவாவில் லியோனை 3-1 வென்றதுதான் ஒரே ஆறுதல். அந்த சீசன் எப்படி முடிந்தது? 99 புள்ளி, 30 வருடம் கழித்து லீக் பட்டம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022இல் லைப்சிக்கை 5-0 அடித்தோம், நூன்யெஸ் ஒருவரே நாலு கோல். கம்யூனிட்டி ஷீல்டில் மான்செஸ்டர் சிட்டியை 3-1. இந்த வருஷம் நாலு கோப்பையும் நமக்குத்தான் என்று ஆட்டம் போட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன். முடிவில் ஐந்தாம் இடம், 67 புள்ளி.

---

தெம்பனிஸ் தாஸ் | 21 ஜூலை

அண்ணாச்சி சொல்வது பாதி சரி. ஸ்கோர் எதுவும் சொல்லாது, ஆனால் கோல் விழும் விதம் சொல்லும்.

போன வருடம் இங்கே சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்தில் பயர்னோடு ஆடியபோது நேரில் இருந்தேன். ஆரம்பத்திலேயே 2-0 முன்னிலை. காக்போ, வான் டைக். அரங்கமே சிவப்பு. பிறகு நம் பின்களத்துக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே இருந்த வெட்டவெளியில் அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். 3-4 தோல்வி, கடைசி கோல் கூடுதல் நேரத்தில். வெறும் நட்பு ஆட்டம்தானே என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் ரயில் ஏறினோம். சீசன் தொடங்கியதும் வாராவாரம் அதே காட்சி. முதல் கோலை எதிரணி போடும், பிறகு நாம் மூச்சிரைக்கத் துரத்துவோம். ஏப்ரலில் துரத்தத் தெம்பில்லை. கிரிஸ்டல் பேலஸிடம் சொந்த மைதானத்திலேயே 0-1, எவர்டனிடம் 0-2, கதை முடிந்தது.

அதனால் நான் பின்களத்தைத்தான் பார்ப்பேன்.

---

டொரொண்டோ தம்பி | 22 ஜூலை

எல்லாரும் ஆட்டமுறை பற்றியே கதைக்கிறீர்கள். ஆள் எங்கே? மத்திப் போய்விட்டார், தியாகோ போய்விட்டார், ஒருவர்கூட உள்ளே வரவில்லை. ரிச்சர்ட் ஹியூஸ், மைக்கேல் எட்வர்ட்ஸ் எண்டு பெரிய பெயர்கள் அலுவலகத்தில் இருந்து என்ன பலன்? நம்பர் 6, அதாவது பின்களத்துக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர், அந்த இடத்துக்கு ஆள் இல்லாமல் ரெண்டு வருஷமாக இழுபடுகிறோம். போன ஆகஸ்டில் கைசெடோவுக்கு 11 கோடி பவுண்டு தருகிறோம் என்றோம். அவர் செல்சிக்குப் போனார். லாவியாவும் அங்கேயே போனார். கடைசியில் ஷ்டுட்கார்ட்டிலிருந்து எண்டோவைக் கொண்டு வந்து சமாளித்தோம். எண்டோ நல்ல மனுசன், குறை சொல்ல மாட்டன். ஆனால் ஸ்லாட் கேட்கும் ஆட்டத்துக்கு அவர் பொருந்துவாரா?

---

ராகவி ஹாரோ | 22 ஜூலை

பொருந்துவது கஷ்டம். எண்டோ பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர். முதுகைக் காட்டி நின்றபடி பந்தை வாங்கி, ஒரே தொடுதலில் திரும்பி முன்னால் பார்க்கும் வேலை அவருடையது இல்லை. ஸ்லாட்டுக்கு அதுதான் வேண்டும்.

கிளப்புக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார் என்று மே மாதத்திலிருந்து கத்துகிறேன், யாரும் கேட்பதில்லை. கிராவன்பெர்க். ஆயாக்ஸில் வளர்ந்த பையன், உயரம், நீளக் கால், எதிராளி மேலே விழும்போது தோளைச் சாய்த்து நழுவிவிடுவார். க்ளோப் அவரை முன்னால் ஓடும் நடுக்கள வீரராகத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார். யூரோ கோப்பையில் நெதர்லாந்து அவரை ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறக்கவில்லை. அந்தக் கடுப்போடு முகாமுக்கு வருவார். சும்மா ஒரு நாலு ஆட்டம் ஆழத்தில் நிறுத்திப் பார்க்கட்டுமே.

---

டொரொண்டோ தம்பி | 22 ஜூலை

அக்கா, கிராவன்பெர்க் பந்து போனால் திரும்பி ஓட மாட்டார்.

---

ராகவி ஹாரோ | 22 ஜூலை

ஓட வைப்பதற்குத்தான் பயிற்சியாளர்.

---

டிரில் மாஸ்டர் | 23 ஜூலை

ஓட்டம் என்றதும் எட்டிப் பார்த்தேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை, அதனால் எனக்கு முகாம் என்றாலே எத்தனை கோல் என்பதைவிட எத்தனை தொடைத்தசை தாங்கும் என்பதுதான்.

முதல் நாள் செய்தியைக் கவனித்தீர்களா? க்ளோப் காலத்தில் ஓடவிட்டுக் காது மடலில் ரத்தம் எடுத்து உடல்தகுதியைப் பார்க்கும் அந்த லாக்டேட் சோதனை இருந்தது. நம் பழைய வீரர் மில்னர் எப்போதும் முதல் ஆளாக நிற்பாரே, அதேதான். இந்த முறை அதற்குப் பதிலாக ஆறு நிமிட ஓட்டம், அந்த நேரத்துக்குள் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்ப்பது. உடல்தகுதிப் பொறுப்பு இப்போது ரூபன் பீட்டர்ஸிடம், ஃபெயனூர்டிலிருந்து ஸ்லாட்டோடு வந்தவர்.

பலர் நினைப்பதுபோல ஜூலை முகாம் என்பது ஆளைப் போட்டு வதைப்பது இல்லை. விடுமுறையில் நுரையீரல் திறன் கொஞ்சம்தான் இறங்கும், அது சீக்கிரம் திரும்பிவிடும். தசைநாண்தான் மெதுவாகப் பழகும். முழு வேகத்தில் ஓடித் திடீரென்று நிற்பது, திரும்புவது, இதற்கெல்லாம் தொடையின் பின்தசை தயாராக வாரக்கணக்கு ஆகும். அதனால்தான் முதல் ஆட்டத்தில் ஆளுக்கு 45 நிமிடம், அடுத்து 60, பிறகு 75 என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். பிரஸ்டன் ஆட்டத்தில் கால் கனத்திருந்தால் அது நல்ல செய்திதான். காலையிலும் மாலையிலும் பயிற்சி செய்துவிட்டு ஆடுகிறார்கள் என்று அர்த்தம்.

என் கவலை வேறு. யூரோவும் கோபா அமெரிக்காவும் ஒரே நாளில், 14ஆம் தேதிதான் முடிந்தன. கோபா இறுதியில் மாக் அலிஸ்டர் ஒருபக்கம், டயஸ் எதிர்ப்பக்கம். யூரோ இறுதியில் இங்கிலாந்தோடு ட்ரென்ட். வான் டைக், காக்போ அரையிறுதி வரை. உருகுவேயோடு நூன்யெஸ் கோபா அரையிறுதி. இவர்களுக்கு மூன்று வாரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். ஆக, அமெரிக்காவுக்கு வர மாட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் லீக் ஆட்டம். இப்ஸ்விச்சில் யார் தொடங்குவார்கள் என்பதை ஆட்டமுறையைவிட இந்தக் கணக்குதான் முடிவு செய்யும்.

---

கிர்க்பி கண்ணன் | 23 ஜூலை

மாஸ்டர், அருமை. இதிலிருந்து ஒரு லாபமும் இருக்கிறது. சலா ஆரம்பத்திலிருந்தே முகாமில் இருக்கிறார். எகிப்துக்கு இந்தக் கோடையில் பெரிய போட்டி இல்லை, ஒலிம்பிக்கும் போகவில்லை. 32 வயதில் முழு ஓய்வு, முழு முகாம். ஒப்பந்தத்தின் கடைசி வருடம் வேறு. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

---

ஆன்ஃபீல்டு அண்ணாச்சி | 23 ஜூலை

ஒப்பந்தம் என்று ஞாபகப்படுத்தி இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாய். சலா, வான் டைக், ட்ரென்ட் மூவருக்கும் 2025 ஜூனில் முடிகிறது. நிர்வாகம் கையெழுத்து வாங்க வேண்டியது புது ஆளிடம் இல்லை, இந்த மூவரிடம்.

---

தெம்பனிஸ் தாஸ் | 27 ஜூலை

பெட்டிஸ் 0, லிவர்பூல் 1. ஸோபோஸ்லாய் கோல், சலா கொடுத்த பந்து. ஆட்டம் சுமார்தான், பிட்ஸ்பர்க் வெயிலில் யாருக்கும் ஓட மனமில்லை. ஆனால் தடுப்பாளர்களின் வரிசை போன வருடம்போல நடுக்களம் வரை ஏறி நிற்கவில்லை, கொஞ்சம் இறங்கி நிற்கிறது. எனக்கு அது போதும்.

---

ராகவி ஹாரோ | 27 ஜூலை

கண்ணன் சொன்ன முதல் மூன்று பாஸை எழுதி வைத்துக்கொண்டே பார்த்தேன். கோல்கீப்பர் கெலஹர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். எதிரணி முன்வீரர் ஓடி வரும் வரை தொடுவதே இல்லை. வந்ததும் நடுத் தடுப்பாளருக்கு, அங்கிருந்து நடுவில் ஒருவருக்கு, அவர் ஒரே தொடுதலில் பக்கவாட்டுக்கு. நடுவில் முன்பு ஒருவர் தனியாக நின்ற இடத்தில் இப்போது இருவர் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஸோபோஸ்லாய் அவர்களுக்கு முன்னால். தாளில் 4-3-3 என்று போட்டாலும் களத்தில் 4-2-3-1தான்.

இரண்டு தடவை பந்தை ஆபத்தான இடத்தில் தொலைத்தோம். க்ளோப் காலத்தில் அந்தப் பந்து மேலே பறந்திருக்கும், ஆபத்தும் இருந்திருக்காது. ஸ்லாட் அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுக்கிறார். செப்டம்பரில் இப்படி ஒரு கோல் வாங்குவோம், அப்போது இங்கே யார் யார் என்னென்ன எழுதப்போகிறீர்கள் என்று பார்க்கிறேன்.

---

டொரொண்டோ தம்பி | 1 ஆகஸ்ட்

ஆர்சனலை 2-1. சலா, கர்வால்யோ கோல். ரெண்டுக்கும் எலியட் கொடுத்த பந்து! ஹாவர்ட்ஸ் அவர்களுக்கு ஒன்று அடித்தார். டொரொண்டோவிலிருந்து பிலடெல்பியா தூரம்தான், ஆனாலும் கூட்டாளிகள் காரில் போய்ப் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டி வந்திருக்கிறார்கள்.

ஓம், நான் புலம்பினது உண்மைதான். இப்பவும் நம்பர் 6 வேணும். ஆனால் எலியட் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் பெஞ்சில் வைக்க மனம் வராது.

---

டிரில் மாஸ்டர் | 1 ஆகஸ்ட்

பெஞ்சில்தான் இருப்பார். ஸோபோஸ்லாய் ஓடும் தூரத்தை எலியட்டால் ஓட முடியாது, அந்த இடத்தில் ஓட்டம்தான் முதல் தகுதி. பாஸ் இரண்டாவது.

---

கேரிங்டன் காரன் | 3 ஆகஸ்ட்

வணக்கம் மக்களே. எதிர்முகாமான யுனைடெட் ஆள்தான், வம்புக்கு வரவில்லை. நாளை அதிகாலை நம் ஆட்டம். 2022இல் பாங்காக்கில் உங்களை 4-0 அடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

---

ஆன்ஃபீல்டு அண்ணாச்சி | 3 ஆகஸ்ட்

நன்றாக ஞாபகம் இருக்கிறது தம்பி. அதே சீசனில் மார்ச் 5ஆம் தேதி ஆன்ஃபீல்டில் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. 7-0. உட்கார்ந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போ.

---

கிர்க்பி கண்ணன் | 4 ஆகஸ்ட்

3-0. கர்வால்யோ, ஜோன்ஸ், சிமிகாஸ். கேரிங்டன் காரரைக் காணோம்.

முழுப் பலம் இரு பக்கமும் இல்லை, அதனால் குதிக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது ஜோன்ஸ். பந்து காலில் இருக்கும்போது அவசரப்படாத குணம் அவருக்கு இயல்பிலேயே உண்டு. க்ளோபின் வேகத்தில் அது ஒரு குறைபோலத் தெரிந்தது. இந்த ஆட்டமுறையில் அதுவே பலம். பின்களத்தில் பிராட்லியும் குவான்சாவும் அகாடமியிலிருந்து வந்தவர்கள், இருவரும் சீனியர் வீரர்களைப்போல நின்றார்கள். அதற்காக ட்ரென்டை பிராட்லி தள்ளிவிடுவார் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

---

கேரிங்டன் காரன் | 4 ஆகஸ்ட்

காபிக்கு நன்றி. செப்டம்பர் 1ஆம் தேதி ஓல்ட் டிராஃபோர்டில் சந்திப்போம்.

---

தெம்பனிஸ் தாஸ் | 11 ஆகஸ்ட்

செவியா 4-1. ஜோட்டா ஒன்று, டயஸ் இரண்டு, கடைசியில் 17 வயது நியோனி ஒன்று. அந்தப் பையன் ஓட்டத்தை நிறுத்திப் பந்தைக் கடத்தும் அழகைப் பாருங்கள். அதே நாளில் லாஸ் பால்மாஸோடும் மற்றவர்களை இறக்கி 0-0. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தது எல்லோருக்கும் நிமிடங்கள் சேரட்டும் என்றுதான், மாஸ்டர் சொன்ன கணக்கு.

---

டொரொண்டோ தம்பி | 13 ஆகஸ்ட்

நம்பர் 6 இடத்துக்குக் கேட்ட சூபிமெண்டி வரவில்லை. ரியல் சோசியடாடிலேயே இருக்கப் போகிறாராம். 6 கோடி யூரோ விடுவிப்புத் தொகை ஒப்பந்தத்திலேயே இருந்தது, கிளப் கேட்டதும் உண்மை, ஆள் தன் ஊரை விட்டு வர மாட்டேன் எண்டு சொல்லிவிட்டார். போன வருஷம் கைசெடோ, இந்த வருஷம் இவர். அதே கதை, அதே ஆகஸ்ட். அதோடு கர்வால்யோவை 2 கோடி பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டு பிரென்ட்ஃபோர்டுக்கு அனுப்பியாச்சு. முகாமில் கோல் அடித்த பொடியன் வெளியே, உள்ளே யாரும் இல்லை!

---

ராகவி ஹாரோ | 13 ஆகஸ்ட்

தம்பி, கோபம் நியாயம். ஆனால் யோசித்துப் பார். ஒரு பெயரைத்தான் கேட்டார்கள். அவர் இல்லை என்றதும் பீதியில் இரண்டாம் தரத்துக்கு ஓடவில்லை. அது எனக்குத் தைரியம் தருகிறது. கையில் இருப்பவர்களை வைத்தே ஆடலாம் என்று ஸ்லாட் நம்புகிறார் என்றால், ஆறாம் எண் வேலை கிராவன்பெர்க்குக்குத்தான் போகும். மாக் அலிஸ்டர் பக்கத்தில். மே மாதத்திலிருந்து நான் கத்தியதைப் படித்தவர்கள் இப்போது வரிசையில் வரலாம்.

---

ஆன்ஃபீல்டு அண்ணாச்சி | 13 ஆகஸ்ட்

நான் ராகவி பக்கமும் இல்லை, தம்பி பக்கமும் இல்லை. இந்த வருடம் சாம்பியன்ஸ் லீகில் 36 அணி, முதல் சுற்றிலேயே எட்டு ஆட்டம். கிராவன்பெர்க் நன்றாக ஆடினால்கூட வாரத்துக்கு இரண்டு தடவை அவரே எப்படி ஆடுவார்? ஜனவரியில் அவர் கால் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? சிட்டி 91, ஆர்சனல் 89, நாம் 82, போன வருடக் கணக்கு இது. அந்த இடைவெளியை பெஞ்ச் இல்லாமல் மூட முடியாது. என் கணிப்பு மூன்றாம் இடம். முதல் நான்குக்குள் வந்து ஒரு கோப்பை எடுத்தால் ஸ்லாட்டுக்கு முதல் வருடம் அதுவே பெரிய விஷயம்.

க்ளோப் போகும் அன்று ஆன்ஃபீல்டில் மைக்கைப் பிடித்து ஸ்லாட் பெயரைச் சொல்லிப் பாடவைத்தாரே, அப்படி ஒரு வழியனுப்பு எந்த வாரிசுக்கும் கிடைத்ததில்லை. யுனைடெட்டில் ஃபெர்குசன் போன பிறகு அவர் இடத்துக்கு வந்த மோய்ஸ் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

---

கிர்க்பி கண்ணன் | 13 ஆகஸ்ட்

நான் இரண்டாம் இடம் என்கிறேன். தொடக்க ஆட்ட அட்டவணை நமக்குச் சாதகம். இப்ஸ்விச், பிரென்ட்ஃபோர்டு, பிறகு யுனைடெட். கடினமானது ஒன்றுதான், அதிலும் எதிரில் இருப்பவர்களை இப்போதுதான் பார்த்தோம்.

---

தெம்பனிஸ் தாஸ் | 15 ஆகஸ்ட்

இப்ஸ்விச்சை லேசாக எடைபோட வேண்டாம். அவர்களின் பயிற்சியாளர் மெக்கென்னா இரண்டே வருடத்தில் இரண்டு பிரிவு தாண்டிக் கூட்டி வந்திருக்கிறார். 2002க்குப் பிறகு முதல் பிரீமியர் லீக் ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில். போர்ட்மன் ரோடு கொதிக்கும். சிட்டியிலிருந்து முன்வீரர் டெலாப் வேறு வந்திருக்கிறார், தோள்பலம் உள்ள ஆள். அவரைத் தடுக்க குவான்சாவா கொனாட்டேயா என்பது சின்னக் கேள்வி இல்லை.

---

டிரில் மாஸ்டர் | 15 ஆகஸ்ட்

குவான்சா. முழு முகாமும் செய்தவர். கொனாட்டே யூரோ அரையிறுதி வரை பிரான்ஸோடு இருந்தார். ஆனால் டெலாப் உடலால் மோத ஆரம்பித்தால் ஸ்லாட் இடைவேளையிலேயே மாற்றத் தயங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

முன்னால் ஜோட்டாதான், நூன்யெஸ் அல்ல. நூன்யெஸ் வந்தே சில நாள்தான் ஆகிறது.

---

ராகவி ஹாரோ | 15 ஆகஸ்ட்

என் பதினொன்று: அலிசன். ட்ரென்ட், குவான்சா, வான் டைக், ராபர்ட்சன். கிராவன்பெர்க், மாக் அலிஸ்டர். சலா, ஸோபோஸ்லாய், டயஸ். முன்னால் ஜோட்டா. முதல் பாதி 0-0, இரண்டாம் பாதியில் இப்ஸ்விச் களைத்ததும் இரண்டு.

---

டொரொண்டோ தம்பி | 16 ஆகஸ்ட்

சனிக்கிழமை இங்கே காலை 7.30. சென்னைக்காரர்களுக்கு மாலை 5 மணி, தாஸ் அண்ணனுக்கு இரவு 7.30. பதினொன்றில் எண்டோ இருக்க வேணும் எண்டு நான் மட்டும்தான் சொல்லுகிறன் போல. 1-1.

---

டிரில் மாஸ்டர் | 16 ஆகஸ்ட்

3-1. ஜோட்டாவை எண்பதாவது நிமிடத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அவர் தசையைப் பார்த்துத்தான் ஆட வைக்க வேண்டும், கோலைப் பார்த்து இல்லை.